யார் பற்றில் எழுதுவது

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் நண்பர் ஒருவரின் அச்சகத்தில் உட்கார்ந்து ப்ரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். பதினான்கு பேர் வேலை செய்கிற ஆஃப்செட் அச்சகம். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் இடத்தில், ஒற்றெழுத்துகளோடு ஜன்மப் பகை கொண்ட ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். என் எரிச்சலைப் பார்த்த நண்பர் தன் எரிச்சலைச் சொன்னார்:

"இருபத்தாறு வாரம். அவளுக்கு மாசம் இருபத்து நாலாயிரம். இந்தப் பையனுக்குப் பதினெட்டாயிரம். பிள்ளை அவளுக்கு, பேர் வைக்கிறது அவ மாமியார், செலவு மட்டும் எனக்கு. இது எந்த ஊர் நியாயம்?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த தடவை பையனாப் பார்த்து எடுத்துடப்போறேன்."

நண்பர் கெட்டவர் அல்ல. சிறுபத்திரிகைகளுக்குக் கடனில் அச்சடித்துக் கொடுத்து, அந்தக் கடன்களை மறந்தும் போனவர். அவர் கேட்டதை முதலாளித்துவக் குரல் என்று ஒதுக்கிவிடலாம். அல்லது தீபாவளி மலர் பாணியில் தாய்மையின் புனிதத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடலாம். இரண்டும் கேள்வியிலிருந்து தப்பிக்கிற வழிகள் என்றே எனக்குப் படுகிறது. நான் முப்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஒரு செலவு உண்மையானதா என்று கேட்ட மறு நிமிஷம் அது யார் பற்றில் ஏறவேண்டும் என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி. பிரசவச் செலவு நம் நாட்டில் யார் பற்றில் ஏறியது, எப்படி ஏறியது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நண்பரின் கோபம் அந்தச் சரித்திரத்தின் விளைவுதான் என்பது என் அபிப்ராயம்.

ஆரம்பத்தில் இது செலவாகவே இல்லை. 1877-ல் ஸ்விட்ஸர்லாந்தின் தொழிற்சாலைச் சட்டம், பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரம் பெண்கள் ஆலைக்குள் வரக்கூடாது என்றது. மறு வருஷம் ஜெர்மனி, பிரசவத்துக்குப் பின் மூன்று வாரம் தடை என்றது. தடைதானே தவிர, கூலி கிடையாது. வீட்டில் இரு, பட்டினி கிட என்பதுதான் அதன் பொருள். ஓய்வு என்பது ஒரு தண்டனை மாதிரி வந்து சேர்ந்தது. ஓய்வையும் கூலியையும் உலக அளவில் ஒன்றாகச் சேர்த்தது 1919-ல் வாஷிங்டனில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. முன்னால் ஆறு வாரம், பின்னால் ஆறு வாரம். தாயும் குழந்தையும் ஆரோக்கியமாக இருக்கப் போதுமான பணம். அந்தப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்பதையும் அந்த உடன்படிக்கை சொல்லியது: பொது நிதியிலிருந்து, அல்லது ஒரு காப்பீட்டு ஏற்பாட்டிலிருந்து. தனித்தனி முதலாளியின் பையிலிருந்து என்று அதில் இல்லை. 1952-ல் அதைத் திருத்தி எழுதிய உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், எந்த நிலையிலும் தனி முதலாளி இந்தச் செலவுக்குத் தனியாகப் பொறுப்பாளியாகக் கூடாது என்றே எழுதியது. முதலாளிகள் மீதுள்ள பரிவினால் அல்ல. அவர்கள் பற்றில் எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரிந்திருந்ததால்.

இந்தியா இந்த உடன்படிக்கைகளில் எதிலும் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. வாஷிங்டனில் இந்திய சர்க்காரிடம் விஷயத்தை ஆராய்ந்து வரச் சொன்னார்கள். ஆராய்ச்சி என்பது காலதாமதத்தின் இன்னொரு பெயர் என்பது அப்போதும் தெரிந்த விஷயம். 1924-ல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதா மறு வருஷம் தோற்றது. கடைசியில் இது பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

1928 ஜூலை 28 அன்று பம்பாய்ச் சட்டசபையில் அந்த மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசிய பேச்சு, இந்தக் கேள்வி பற்றி இந்தியாவில் பேசப்பட்டவற்றிலேயே மிகத் தெளிவானது என்று நினைக்கிறேன். அதில் இரண்டு கால்கள் உண்டு. முதலாவது: பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன். ஆகவே இந்தச் சுமையின் பெரும்பகுதியை இறுதியில் சர்க்கார்தான் ஏற்கவேண்டும். இரண்டாவது: அதற்காக முதலாளி முழுவதும் தப்பித்துவிட முடியாது. சில தொழில்களில் அவன் ஆணை விட்டுவிட்டுப் பெண்ணை வைத்துக்கொள்வது, அவளுக்குக் குறைந்த கூலி கொடுத்து அதிக லாபம் பார்க்க முடிவதால்தான். அந்த லாபத்தை எடுத்துக்கொள்கிறவன் இந்தச் செலவில் ஒரு பங்கைத் தருவது நியாயமே.

இந்த வாதத்தில் தாய்மை பற்றிய கண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்பதைக் கவனிக்கவேண்டும். இது சுத்தமான கணக்கு. யாருக்கு லாபமோ அவன் தருகிறான். தேசத்துக்குப் பெரும் லாபம், எனவே தேசம் பெரும் பங்கு. முதலாளிக்கும் ஒரு லாபம், எனவே அவனுக்கும் ஒரு பங்கு.

1929-ல் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டணா. ஆனால் இரண்டு கால்களில் ஒன்றைச் சட்டம் வெட்டிவிட்டது. சர்க்காரின் பங்கு காணாமல் போயிற்று. முழுச் செலவும், அந்தக் குறிப்பிட்ட பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிற அந்தக் குறிப்பிட்ட முதலாளியின் பற்றில் ஏறியது. விட்லி கமிஷன் இதைப் பிற மாகாணங்களுக்கும் சிபாரிசு செய்தது, சென்னையில் 1934-ம் வருஷத்துச் சட்டம், சுரங்கங்களுக்கு 1941, கடைசியில் நாடு முழுமைக்கும் 1961. பன்னிரண்டு வாரம் 2017-ல் இருபத்தாறு ஆனது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஓர் அத்தியாயம். சட்டத்தின் பெயர் மாறியது, வாரங்கள் மாறின, எட்டணா போய் முழுச் சம்பளம் வந்தது. 1929-ல் போட்ட பதிவு மட்டும் மாறவேயில்லை. (நம் பத்திரிகைகள் இதைப் 'பேறுகாலச் சலுகை' என்று எழுதுகின்றன. சலுகை என்று எழுதிவிட்டால், கொடுத்தவனுக்கு முகம் சுளிக்கிற உரிமையும் சேர்ந்து வந்துவிடுகிறது.)

இந்தப் பதிவின் பலன் என்ன? 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். அதன் பிறகு அந்த விகிதம் தேய்ந்துகொண்டே போய், சுதந்திரத்துக்குப் பின் கிட்டத்தட்டக் கரைந்தே விட்டது. சட்டம் பெண்ணைக் காப்பாற்றப் போய் வேலையைப் பறித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவ்வளவு சுலபமாக அதை ஏற்பதற்கில்லை. ராத்திரி ஷிப்டில் பெண்களுக்குத் தடை இருந்தது. பெண்கள் நிறைந்திருந்த சிட்டம் போடுகிற, நூல் சுற்றுகிற பிரிவுகளுக்குப் புது மெஷின்கள் வந்தன. குடும்பத்துக்கான சம்பளம் ஆணுக்கு என்ற எண்ணம் தொழிற்சங்கங்களுக்குள்ளேயே வேரூன்றியிருந்தது. பிரசவப் பணம் இவற்றுக்கு நடுவே ஒரு காரணம், பெரிய காரணம்கூட அல்ல. வெளியில் சொல்வதற்கு ரொம்பவும் வசதியான காரணம்.

பெண் திடீரென்று இல்லாமல் போனால் மெஷின் நின்றுவிடும் என்ற வாதத்தையும் பம்பாயிலேயே பரிசோதித்துப் பார்க்கலாம். பஞ்சாலை என்ற அமைப்பே, ஆள் வராமல் போவதன் மீது கட்டப்பட்டது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆலை வாசலில் பதிலிகள் நின்றார்கள். கொங்கணத்திலிருந்து வந்த ஆண்கள் விதைப்புக்கும் அறுப்புக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போனார்கள். அவர்கள் தறியில் பதிலி ஏறினான். 1935-ல் முதலாளிகள் சங்கமே பதிலிகளுக்கு அட்டை கொடுத்து ஒழுங்குபடுத்தியது. ஹோலிக்கு ஊர் போகிற ஆணுக்குப் பதிலி கிடைத்த வாசலில், பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்குப் பதிலி கிடைக்கமாட்டாள் என்று நம்பச் சொல்வது கொஞ்சம் அதிகம். வித்தியாசம் ஒன்றுதான்: ஊருக்குப் போனவனுக்குக் கூலி கிடையாது.

இதே சட்டம் தேயிலைத் தோட்டத்தில் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. அங்கே பெண்கள் வெளியேற்றப்படவில்லை. இன்றும் தோட்டத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஏன்? மலைச் சரிவில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்க, அந்தக் கூலிக்கு, வேறு ஆள் கிடையாது. அம்பேத்கர் சொன்ன இரண்டாவது கால் தோட்டத்தில் அப்படியே நிற்கிறது. வெளியேற்ற முடியாத இடத்தில் முதலாளி வேறு விதமாகக் கழிக்கப் பார்ப்பான். கோவை மாவட்டத்து எஸ்டேட் ஒன்றில், 1967 டிசம்பரை ஒட்டிப் பிரசவமான ஒரு தொழிலாளிக்குப் பன்னிரண்டு வாரக் கூலியைக் கணக்கிட்டவர்கள், அதில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக்கொண்டார்கள். ஞாயிறு கூலியில்லாத நாள், வேலைக்கு வந்திருந்தாலும் கிடைத்திருக்காது என்பது வாதம். கணக்குப்பிள்ளை மூளைக்கு இது குற்றமற்ற வாதம். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். லேபர் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்தி என்று 1977 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வேலை செய்கிற பெண்ணுக்குப் போன சக்தி திரும்ப வேண்டும், குழந்தையைப் பராமரிக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிற்று. தாய்க்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும் என்பதை நிறுவப் பத்து வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்தக் குழந்தை கொழுந்துக் கூடை தூக்குகிற வயதை நெருங்கியிருக்கும்.

நாட்டுக்கு அவசரம் என்று வந்தால் இந்தக் கணக்குகள் எவ்வளவு லேசாகப் புரளும் என்பதற்கு நிலக்கரிச் சுரங்கங்கள் சாட்சி. பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்யக்கூடாது என்று 1937-ல் முற்றாகத் தடுத்தார்கள். 1943-ல் யுத்தத்துக்கு நிலக்கரி போதவில்லை; தடையை நீக்கினார்கள். 1946-ல் திரும்பப் போட்டார்கள். தடையை நீக்கிய இலாகாவின் பொறுப்பில் அப்போது இருந்தவரும் அம்பேத்கர்தான். ஆணுக்குச் சமமான கூலி என்ற நிபந்தனையைக் காட்டி சபையில் அதைத் தாங்கிப் பேச வேண்டியிருந்தது அவருக்கு. சரித்திரம் யாரையும் ஒரே நாற்காலியில் உட்காரவிடுவதில்லை.

செலவு குறிப்பிட்ட பெண்ணின் பேரில் ஏறுவதால் வருகிற இன்னொரு விளைவு, பணத்தை விடக் கேவலமானது. முதலாளிக்கு அவள் உடம்புக்குள் எட்டிப்பார்க்க வேண்டியதாகிறது. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்புகிற விதி 1981-ல் உச்ச நீதிமன்றம் அடிக்கும் வரை ஏர் இந்தியாவில் இருந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம், வேலைக்கு வருகிற பெண்ணிடம் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை கர்ப்பம் என்றெல்லாம் படிவத்தில் கேட்டது. 1991-ல் நீதிமன்றம் அந்தப் பத்திகளை நீக்கச் சொல்லிற்று. அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களே இப்படி என்றால், படிவம் ஏதும் இல்லாமல் இன்டர்வியூ அறையில் வாயால் கேட்கப்படுவது எதை நீதிமன்றம் நீக்கும்? டெல்லி மாநகராட்சி, தெருவில் ஜல்லி கொட்டுகிற தினக்கூலிப் பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடி, 2000-ல் தோற்றது.

வேறு விதமாக எழுத முடியாதா? முடியும், நம்மிடமே எழுதப்பட்டிருக்கிறது. 1948-ம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டம், 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. அதில் முதலாளி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதத்தில் கட்டுகிறார். இப்போது கூலியில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. பிரசவ காலத்துச் சம்பளம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. ஆண்களை மட்டும் வைத்திருந்தாலும் அதே சந்தா. பெண்ணைத் தவிர்ப்பதால் ஒரு பைசா மிச்சம் இல்லை. இந்த ஏற்பாட்டில், பிரசவ விடுப்பு முதலாளிக்கு நியாயமா என்ற கேள்வியே அர்த்தமிழந்து போகிறது. ஆனால் தோட்டங்கள் இதற்கு வெளியே. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களும் வெளியே. நண்பரின் அச்சகத்துப் பெண் 24,000. அந்த மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்தில்தான் அவருடைய நியாய உணர்ச்சி காயப்பட்டுக் கிடக்கிறது.

1974-ல் இந்தியப் பெண்களின் நிலை பற்றிய குழு, முதலாளிகளிடம் வசூலித்து மத்திய நிதி ஒன்று ஏற்படுத்துங்கள் என்று சிபாரிசு செய்தது. அறிக்கை நல்ல காகிதத்தில் அச்சானது. ஜெர்மனியிலும் முதலாளிக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் 2003-ல் அவர்களுடைய அரசியல் சட்ட நீதிமன்றம், அது இருக்கிற விதத்தில் பெண்களை வேலைக்கு எடுக்காமலிருக்கத் தூண்டுகிறது, ஆகவே சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லி 2005 முடிவு வரை கெடு கொடுத்தது. 2006-லிருந்து எல்லா முதலாளிகளும், ஒரு பெண்கூட இல்லாதவரும், சந்தா கட்டுகிறார்கள். செலவழித்த முதலாளிக்கு அந்த நிதி திருப்பித் தருகிறது. நம்மிடமும் 2018 நவம்பரில் தொழிலாளர் அமைச்சகம், 15,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளக்காரிகளுக்கு ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பித் தரும் திட்டம் பற்றிப் பேசியது. பெண்களை எடுக்கத் தயங்குகிறார்கள் என்பதைத்தான் காரணமாகச் சொன்னது. நண்பர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை ஒரு அமைச்சகம் உரக்கச் சொல்லியிருக்கிறது.

இனி கூட வேலை செய்கிறவர்கள். இதில் நான் சாட்சி மட்டுமல்ல, குற்றவாளியும்.

1979-ல் பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். நாலு பேர். அதில் ஒரு பெண் பிரசவ லீவில் போனாள், பன்னிரண்டு வாரம். வருஷாந்தரக் கணக்கு முடிக்கிற சமயம். மாற்று ஆள் போடவில்லை. ஒரு சீட்டுக்கு ரெண்டு சம்பளமா என்றார் மானேஜர். அவளுடைய பேரேடுகள் எங்கள் மூவர் மேஜைக்கும் வந்தன. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடற்கரை ஸ்டேஷனில் ரயிலேறியிருக்கிறேன், எத்தனையோ நாள். ஒவ்வொரு ராத்திரியும் அவளைத்தான் வைதேன். மானேஜரை ஒரு நாள்கூட வையவில்லை. அது தோன்றவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். அவள் திரும்பி வந்த முதல் நாள், எல்லாரும் கேட்கும்படி, "நல்ல ரெஸ்ட் போல" என்றேன். அவள் முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. பேரேட்டைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "போன வருஷம் உங்களுக்கு டைபாய்டு வந்தப்ப இந்த லெட்ஜரையெல்லாம் யார் எழுதினா சார்?"

ஆறு வாரம். எழுதியது அவள்தான். கர்ப்பத்துக்கு முந்தைய வருஷம். பேரேட்டில் அவள் கையெழுத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன். என் காய்ச்சல் விதியாகவும் அவள் பிரசவம் அவள் விருப்பமாகவும் எனக்குத் தோன்றியிருந்தது. விரும்பிப் பெற்றுக்கொள்கிறவள் பிறர் மேல் சுமத்தலாமா என்ற வாதம் இன்றும் ஆபீஸ்களில் உலவுகிறது. அது முழுப் பொய்யும் அல்ல. கல்யாணமே செய்துகொள்ளாத ஒருவர், பிறர் பிள்ளைகளுக்காகத் தான் ஏன் ராத்திரி உட்கார வேண்டும் என்று கேட்டால், உங்கள் பென்ஷனை நாளைக்குச் சம்பாதிக்கப்போவது அந்தப் பிள்ளைகள் என்று பொருளாதாரம் பேசலாம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அது ருசிக்காது. அந்த ராத்திரி நேர்மையற்றதுதான். அதை யார் செய்தார்கள் என்பதில்தான் நான் ஏமாந்தேன். ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் ஆள் கணக்குப் போடும்போதே 'லீவ் ரிசர்வ்' என்று ஒரு பங்கைச் சேர்த்துப் போடுகிறார்கள். தபால்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வருவதற்கு இன்னொரு தபால்காரர் இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. (அந்த இடங்களும் காலியாகக் கிடப்பது வேறு கதை.) என் மானேஜர் நாலு பேர் வேலைக்குச் சரியாக நாலு பேரை வைத்திருந்தார். அதாவது ஒருவருக்கும் காய்ச்சல் வராது, ஒருவர் தகப்பனாரும் சாகமாட்டார், ஒருவருக்கும் பிள்ளை பிறக்காது என்ற அனுமானத்தில். அந்த அனுமானத்தில் மிச்சம் பிடித்தது கம்பெனி. அதன் விலையை எங்களுக்குள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டோம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் அவள் வேலையை விட்டுப் போனாள், இரண்டாவது குழந்தைக்கு முன்பாகவே.

இவ்வளவையும் நண்பரிடம் ஒரே மூச்சில் அல்ல, டீ குடித்துக்கொண்டே நாலைந்து நாளில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அம்பேத்கர் பேச்சைத் தேடிப் படித்தும் விட்டார். பிறகு, "சரி, சர்க்கார் தரவேண்டியதை சர்க்கார் தரலை. நீ சொல்றது வாஸ்தவம். முதல் தேதிக்கு நான் என்ன பண்ண?" என்றார். பதினான்கு பேர் அச்சகத்தில் 24,000 ரூபாய் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். அவருடைய பேப்பர் கடன் கணக்கை ஒரு தடவை நான்தான் சரிபார்த்துக் கொடுத்தேன். பதில் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு சின்ன நோட்டீஸின் ப்ரூஃபை நீட்டினார். அச்சகத்துக்கு ஆள் தேவை. கடைசி வரியில் 'ஆண்கள் மட்டும்' என்று இருந்தது. ஆள் எடுப்பதில் இப்படிப் பிரிப்பது 1976-லிருந்தே சட்ட விரோதம். அது அவருக்கும் தெரியும். இரண்டு வார்த்தையையும் அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கீழே புள்ளி வைத்து 'ஸ்டெட்' என்று எழுதப் பேனாவைத் திறந்தவர், எழுதாமல், அதை மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, லைட்டை அணைக்கச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டார்.